கேட்காத சாலைகள்

சில மாதங்களுக்கு முன் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். வழக்கமான கூட்டம்தான். எழுதுகிறவர்கள், எழுதி நிறுத்தியவர்கள், இனிமேல் எழுதப் போகிறவர்கள். பத்ரிநாத் போய்வந்திருந்த கவிஞர் ஒருவர் இமயத்தைப் பற்றி ஏழு கவிதைகள் வாசித்தார். பனி, மௌனம், தான் கரைந்துபோவது. ரிஷிகேசத்திலிருந்து காரில் ஒரே பகலில் மேலே போய்விட்டதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். சாலை பிரமாதமாக இருக்கிறதாம். ஏழு கவிதைகளில் ஒன்றில்கூட அந்தச் சாலை இல்லை. அடுத்துப் பேசிய இளைஞர், மலைக்காட்டில் இனி ஓர் அங்குலம் சாலைகூடப் போடக் கூடாது, சாலை என்பதே ஒரு வன்முறை என்றார். கவிஞர் தலையாட்டினார். எல்லோரும் தலையாட்டினோம். டீ வந்தது.

அந்தத் தலையாட்டல் எனக்கு உறுத்தியது. அந்தச் சாலையில் காரில் போய்வந்தவரும் சாலையே கூடாது என்பவரும் ஒரே நிமிஷத்தில் எப்படி ஒத்துப்போக முடிகிறது? முடியும். ஏனென்றால் இருவருக்குமே சாலை ஒரு பிரச்னை இல்லை. ஒருவருக்கு அது காட்சிக்கு வெளியே இருக்கிறது, மற்றவருக்கு அது ஒரு கோஷம். யார் கேட்டார்கள், யார் தீர்மானித்தார்கள், எத்தனை மீட்டர் அகலம், வெட்டிய மண் எங்கே போயிற்று என்று நான் கேட்டபோது, இலக்கியத்தைப் பொதுப்பணித் துறையாக்கப் பார்க்கிறேன் என்று ஒருவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புக்கு அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

என் கட்சி இதுதான். மலைக்காட்டுச் சாலைகளில் இரண்டு ஜாதி உண்டு. அங்கே வாழ்கிறவன் கேட்டது ஒன்று. அவனைக் கேட்காமலே அவன் தலைக்கு மேல் தீர்மானிக்கப்படுவது இன்னொன்று. கேட்ட சாலை வருவதில்லை, கேட்காத சாலை நிற்பதில்லை. முன்னதைத் தடுக்கவும் காட்டைக் காப்பாற்றும் சட்டம் காரணம் காட்டப்படுகிறது. பின்னதற்கு வழிவிட அதே சட்டம் வளைந்து கொடுக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் 'சாலை' என்று ஒரே சொல்லில் ஆதரிக்கிறவனும் எதிர்க்கிறவனும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்.

கவிஞர் போய்வந்த சாலையிலிருந்தே தொடங்குகிறேன். யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் என்ற நான்கு தலங்களுக்கும் போகும் நெடுஞ்சாலைகளை அகலப்படுத்தும் திட்டத்துக்கு 2016 டிசம்பரில் டேராடூனில் அடிக்கல் நாட்டினார்கள். மொத்தம் ஏறக்குறைய 900 கிலோமீட்டர். நம் நாட்டு விதிப்படி 100 கிலோமீட்டருக்கு மேல் ஒரு நெடுஞ்சாலையை விரிவாக்குவதென்றால் சுற்றுச்சூழலுக்கு என்ன நேரும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து, மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும். 900 என்பது 100-ஐவிடப் பெரியது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. ஆனால் 900 கிலோமீட்டரும் 53 வேலைகளாகத் துண்டு போடப்பட்டன. ஒவ்வொரு துண்டும் நூறுக்குள் அடங்கியது. துண்டுக்கு ஆய்வு வேண்டாம், முழுமை என்று ஒன்று காகிதத்தில் இல்லை. மலை மட்டும் முழுசாக இருந்தது.

இது பொறியியல் இல்லை, மொழி செய்த வேலை. ஒரு பொருளின் பெயரை மாற்றி அந்தப் பொருளையே மறைத்துவிடுகிற காரியம். சொல்லோடு தினமும் மல்லுக்கு நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் நமக்கு இதில் அக்கறை இல்லையென்றால் வேறு எதில் அக்கறை? கவிதையில் ஓர் உவமை பொய்யாக இருந்தால் நான்கு பக்கம் விமர்சனம் எழுதுகிறோம். 53 என்ற எண் எந்தப் பொய் உவமைக்கும் குறைந்ததில்லை.

அகலத்தின் கதை இன்னும் விசித்திரம். மலைப் பகுதியில் சாலையின் தார்ப்பரப்பு ஐந்தரை மீட்டர் இருந்தால் போதும் என்று 2018 மார்ச்சில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. வேலையோ பத்து மீட்டர் கணக்கில் நடந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவுக்கு ரவி சோப்ரா தலைவர். குழு இரண்டாகப் பிளந்து, 2020-இல் இரண்டு விதமாக அறிக்கை கொடுத்தது. சோப்ராவோடு இருந்தவர்கள் சிறுபான்மை. 2020 செப்டம்பரில் நீதிமன்றம் சிறுபான்மையின் பக்கம் நின்று, உங்கள் சுற்றறிக்கைப்படியே ஐந்தரை மீட்டர் போடுங்கள் என்றது. டிசம்பரில் அமைச்சகம் சுற்றறிக்கையைத் திருத்தியது. எல்லையை நோக்கிப் போகும் சாலைகளுக்கு ஐந்தரை மீட்டர் பொருந்தாது என்றது. 2021 டிசம்பரில், ராணுவத்தின் தேவை என்ற பெயரில், மூன்று சாலைகளுக்குப் பத்து மீட்டரை நீதிமன்றமே அனுமதித்தது. அடுத்த மாதம் சோப்ரா குழுவிலிருந்து விலகினார்.

நாலரை மீட்டர் வித்தியாசத்துக்கு இத்தனை அமர்க்களமா என்று கேட்கலாம். சமவெளிக்காரன் கேட்கும் கேள்வி அது. சமவெளியில் நாலரை மீட்டர் என்பது நாலரை மீட்டர்தான். மலையில் அது தலைக்கு மேலே எவ்வளவு உயரத்துக்குச் சரிவை வெட்ட வேண்டும் என்ற கணக்கு. சரிவு எவ்வளவு செங்குத்தோ, ஒரு மீட்டர் அகலத்துக்கு அத்தனை மடங்கு உயரம் வெட்ட வேண்டும். மலை தன் காலில் நிற்கிறது. சாலைக்காக வெட்டுவது அந்தக் காலைத்தான். பள்ளத்துப் பக்கம் சுவர் எழுப்பிப் பாதி அகலத்தை வாங்கிக்கொண்டால் வெட்டு குறையும், ஆனால் செலவு கூடும். ஆகவே செங்குத்தாக மலையை வெட்டிவிடுவது கான்ட்ராக்டருக்கு லாபம். வெட்டிய மண்ணையும் கல்லையும் லாரி வைத்து வேறிடம் கொண்டுபோவதைவிட அப்படியே கீழே தள்ளிவிடுவது இன்னும் லாபம். தள்ளிய மண் சரிவில் இருக்கும் மரங்களைக் கழுத்தளவு மூடி ஆற்றில் போய் விழுகிறது. மேலே, கால் வெட்டுப்பட்ட சரிவு, இரண்டு மூன்று மழைக்காலம் கழித்துத் தன் மரங்களோடு இறங்கி வருகிறது. சாலைக்காக வெட்டப்படும் மரங்களுக்குக் கணக்கு உண்டு, நம்பர் போட்டிருப்பார்கள். கீழே புதைந்ததற்கும் மேலிருந்து சரிந்ததற்கும் எந்த ரிஜிஸ்தரிலும் பத்தி கிடையாது.

2023 நவம்பர் 12, தீபாவளி நாள் அதிகாலை, இதே திட்டத்தில் யமுனோத்ரி வழியில் சில்க்யாராவில் குடைந்துகொண்டிருந்த சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளிகள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். 17 நாள். கடைசிச் சில மீட்டர்களில் துளைக்கும் யந்திரம் உடைந்துபோக, எலிவளை முறையில் தோண்டிப் பழகிய ஏழைகள் வந்து கையால் மண்ணை அள்ளி அவர்களை வெளியே எடுத்தார்கள். அந்த முறையில் நிலக்கரி எடுப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இலேயே தடை செய்திருந்தது. நாம் எல்லோரும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து கண் கலங்கினோம். 41 பேரும் பிழைத்தார்கள் என்றதும் கதை சுபமாக முடிந்துவிட்டது. அவர்களை அந்த மலைக்குள் அனுப்பிய திட்டத்தின் கதை முடியவில்லை.

ராணுவம் என்றவுடன் நம் நண்பர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். ராணுவத்துக்குச் சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராணுவத்துக்கு வேண்டியது திறந்திருக்கும் சாலை. அகலமான சாலை வேறு, திறந்திருக்கும் சாலை வேறு. சரிந்த மலைக்கு அடியில் கிடக்கும் பத்து மீட்டர் சாலையில் ஒரு ஜீப்கூடப் போக முடியாது.

அந்த மலைக்கு இது முதல் பாடமும் அல்ல. 1962 சீன யுத்தத்துக்குப் பின் எல்லைக்காக அங்கே சாலைகள் போடப்பட்டன. அந்தச் சாலைகளில் ராணுவம் போனது, பின்னாலேயே மரக் கான்ட்ராக்டர்களும் போனார்கள். அதுவரை மனிதக் காலுக்கும் கோவேறு கழுதைக்கும் மட்டுமே எட்டிய காடு லாரிக்கு எட்டியது. 1970-இல் அலக்நந்தாவில் பெருவெள்ளம். 1973-இல் சிப்கோ. 1974 மார்ச்சில் ரேணி கிராமத்துக் காட்டை வெட்ட ஆட்கள் வந்தபோது ஊர் ஆண்கள் இல்லை. ராணுவத்துக்காக எடுத்துக்கொண்ட நிலத்துக்கு நஷ்டஈடு வாங்கிக்கொள்ள வரச் சொல்லியிருந்ததால் சமோலிக்குப் போயிருந்தார்கள். கௌராதேவியும் சில பெண்களும்தான் மரங்களுக்கு முன்னால் போய் நின்றார்கள். மரத்தைக் கட்டிப்பிடித்த பெண்களின் படம் நம் பத்திரிகைகளில் எத்தனை முறை வந்திருக்கும்! கோடரியை அந்த மரம் வரைக்கும் கொண்டுவந்தது எது என்று நாம் கேட்டதில்லை.

அங்கிருந்து சிறிது தூரத்தில் ஜோஷிமட். பழைய சரிவின் மண்மேட்டில் உட்கார்ந்திருக்கும் ஊர் அது, பாறையைப் பெயர்க்காதே, வெடி வைக்காதே என்று மிஸ்ரா தலைமையில் ஒரு சர்க்கார் குழு 1976-இல் எழுதிக் கொடுத்துவிட்டது. 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகளின் சுவர் பிளந்தபோது அந்த அறிக்கையைத் தூசி தட்டி எடுத்தார்கள். திருப்பிரிதி என்று வைணவ மரபு சொல்லும் தலம் இந்த ஊர்தான் என்பது கூட்டத்தில் ஏழு கவிதை வாசித்தவருக்குத் தெரிந்திருக்கும். அறிக்கையைப் பற்றித் தெரிந்திருக்காது.

மலைவாசி சாலை கேட்கவில்லை என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். கார்வாலிலும் சாலை கேட்டவர்கள் உண்டு. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக ஒரு சாலை. கேட்டது அது, கிடைத்தது வேறு. பழைய நாளில் பத்ரிக்கு நடந்து போன யாத்ரீகர்கள் சில மைலுக்கு ஒருதரம் 'சட்டி' எனப்படும் தங்குமிடங்களில் இறங்குவார்கள். நம் சோற்றுச் சட்டி இல்லை, சத்திரம் போன்ற ஓர் ஏற்பாடு. யாத்ரீகனின் காசு வழிநெடுக ஊர் ஊராக இறங்கிக்கொண்டே போயிற்று. மோட்டார் வந்ததும் அந்தச் சட்டிகள் அவிந்துபோயின. சாலை பத்து மீட்டரான பின் கார் எங்கும் நிற்க வேண்டியதில்லை. யாருக்காகச் சாலை என்று சொல்கிறார்களோ அவன் சாலை ஓரத்தில் நின்று கார்களை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

இப்போது நம் பக்கத்து மலைக்கு வருகிறேன். இங்கேதான் சாலையே கூடாது என்ற இளைஞர் எனக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வேலூருக்கு அருகே அல்லேரி மலை. 2023 மே மாதம் அங்கே ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது. பரிசோதனை முடிந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு மலையேறி வீட்டுக்கு நடந்தாள். செய்தித்தாளில் படமும் வந்தது. அதன் பிறகே அந்தச் சாலையைப் பற்றிய பேச்சு வேகம் பெற்றது. நாமக்கல் மாவட்டத்துப் போதமலையில் தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரம் தலைச்சுமையாக ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டு மேலே போகும், ஆனால் பிரசவ வலி எடுத்தவள் தூளியில்தான் கீழே வர வேண்டும். சுதந்திரம் வந்து எழுபது வருஷம் கடந்த பிறகே அந்த மலைக்குச் சாலை அனுமதியானது.

இவற்றுக்குக் காடு தடை என்று சொல்லப்படும். 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டம் தடை என்று சொல்லப்படும். ஆனால் 2006-இன் வன உரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பள்ளிக்கூடம், மருந்தகம், குடிநீர், சாலை என்று 13 காரியங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மிகாமல் வெட்டி, தரலாம். ஒரே நிபந்தனை, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு ஹெக்டேர் என்றால் மூன்றேகால் கிலோமீட்டர் சாலை. ஆம்புலன்ஸ் ஏற அது போதும். மலையின் காலை வெட்டாமல், சரிவோடு ஒட்டி வளைந்து போகிற சாலை. கேட்டவன் கையெழுத்தில்லாமல் போட முடியாத சாலை. இதைவிட நல்ல திட்ட முறையை எந்த நிபுணன் கண்டுபிடித்துவிடப் போகிறான்? அப்படியும் ஒரு கிராமத்தான் தன் ஆறு கிலோமீட்டர் பாதையை இரண்டாகத் துண்டு போட்டு ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்குள் வருகிறது என்று எழுதிக் கொண்டுபோனால் எந்த அலுவலகம் வாங்கும்? சட்டத்தை ஏமாற்றப் பார்க்கிறாயா என்று விரட்டுவார்கள். 53 துண்டு போடுவது திட்டம், இரண்டு துண்டு போடுவது மோசடி.

2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தையே திருத்தினார்கள். சர்வதேச எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள், தேசத்துக்கு முக்கியமான சாலை போன்ற நீளத் திட்டங்களுக்கு அந்தச் சட்டத்தின் அனுமதி தேவையில்லை. உத்தராகண்ட் மலைகளில் பெரும்பகுதி அந்த நூறுக்குள் அடங்கிவிடும். ஒரு நூறு துண்டு போட உதவியது, இன்னொரு நூறு துண்டு போடும் சிரமத்தையும் மிச்சப்படுத்திவிட்டது. அல்லேரி எந்த எல்லையிலும் இல்லை.

ஆகவே ஓர் அங்குலம்கூடக் கூடாது என்கிற இளைஞரே, உங்கள் கோஷம் யாரைத் தடுக்கிறது? பத்து மீட்டர்காரனை அது தொடக்கூட முடியாது, அவனிடம் சுற்றறிக்கை இருக்கிறது, திருத்தம் இருக்கிறது. உங்கள் கோஷம் போய் விழுகிற இடம் அந்தத் தாய் நடந்த பாதை. காட்டின் மேல் உங்களுக்கு இருக்கும் பக்தி மெய்யானதுதான். ஆனால் காட்டில் மனிதன் இருக்கிறான் என்பது அந்தப் பக்திக்கு இடைஞ்சலாக இருக்கிறது. கேட்ட சாலையும் காட்டுக்குக் கெடுதலே என்று நீங்கள் சொன்னால் அதை ஒப்புக்கொள்கிறேன். எந்தச் சாலையும் ஒரு காயம்தான். மேலே மரக்கிளைகள் பிரிந்துவிட்டால் வால்பாறையில் சிங்கவால் குரங்கு தரையில் இறங்கிச் சக்கரத்தில் அடிபடுகிறது, ஓரமெல்லாம் உண்ணிச்செடி மண்டுகிறது. அதனாலேயே அகலம், வளைவு, இரவில் மூடுவது என்று ஒவ்வொன்றையும் சண்டை போட்டுத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பந்திப்பூரில் 2009-இலிருந்து இரவில் வண்டி ஓட்டத் தடை, திம்பம் மலைப்பாதையில் 2022-இலிருந்து. சாலையை மூடுவதும் திட்டமிடுதலே. அங்கேயும் உள்ளூர்க்காரனுக்கு என்ன வழி என்ற கேள்வி எழுந்தது, எழ வேண்டியதுதான். இந்தக் கேள்விகளுக்குள் இறங்கினால் கை அழுக்காகும். கோஷத்தில் கை அழுக்காகாது.

கவிஞரிடம் சொல்ல வேண்டியது வேறு. மலை, பாதை, அபாயம் இவற்றைப் பற்றி நம் மொழியில் எழுத ஒன்றுமில்லாமல் இல்லை. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்று ஒன்று இருக்கிறது. பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. செங்கண்மாவின் நன்னனிடம் பரிசு பெற்ற கூத்தன் அங்கே போகவிருக்கும் கூத்தனுக்கு வழி சொல்கிறான். பாட்டின் பெரும்பகுதி வழிதான். எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பான், எங்கே தினைப்புனக் காவலன் எறியும் கவண்கல் வந்து விழும், எங்கே பாம்பு, எந்தக் குடியில் எந்தச் சோறு கிடைக்கும். நடந்தவன் நடக்கப் போகிறவனுக்குச் சொல்வது அது. அந்த மலையில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு நீ யார் என்பதெல்லாம் வழியின் பகுதியாகவே வருகிறது. சங்கத்துக் குறிஞ்சியிலும் அவன் வரும் இரவு வழியைப் பற்றிய பயமே பாதிக் கவிதை. அதர், நெறி, இயவு, கவலை, சுரம் என்று பாதைக்கு எத்தனை சொல் வைத்திருந்தோம். இன்று நம் கவிதையில் பாதைக்கு ஒரு சொல்லும் இல்லை. நாம் நடக்கவில்லை, வந்து இறங்குகிறோம். காரிலிருந்து இறங்கி, தார் மேல் நின்று, பள்ளத்தாக்கைப் பார்த்து, கரைந்துபோகிறோம். நாம் பார்க்கிற காட்சியையே அந்தச் சாலைதான் வெட்டிக் கொடுத்திருக்கிறது. எதிரே மறைத்துக்கொண்டிருந்த மரங்கள் இல்லாததால்தான் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. அந்த இடத்தில் நின்று சாலையைத் தவிர மற்றதையெல்லாம் எழுதுவதற்குப் பெயர் ரசனையா?

நன்னனின் நாட்டை ஒட்டிய சவ்வாது மலைத்தொடரில்தான் அல்லேரியும் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் வழி சொல்லத் தெரிந்த மொழியில், 2023-இல் ஒரு தாய் நடந்த வழியைச் சொல்ல ஆளில்லை. பத்திரிகைக்காரன் ஒருநாள் எழுதினான், மறுநாள் அவனுக்கு வேறு செய்தி. நமக்கு அது முதல்நாளிலிருந்தே செய்தி.

இலக்கியம் பொதுப்பணித் துறை இல்லை என்பது எனக்கும் தெரியும். சாலைத் திட்டத்தைப் பாடுபொருளாக்கி எழுதுங்கள் என்று யாரையும் கேட்கவில்லை. அப்படி எழுதப்பட்டவற்றைப் படித்த அனுபவமும் இருக்கிறது, தாங்காது. நான் கேட்பது, எந்த இடத்தில் நிற்கிறோம் என்று ஒருமுறை குனிந்து பார்க்கச் சொல்லித்தான். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது கவிஞர் என் தோளில் கை வைத்து, அடுத்த வருஷம் கேதாருக்குப் போகப் போவதாகச் சொன்னார். அதற்குள் அந்தப் பக்கத்துச் சாலையும் முடிந்துவிடுமாம். போய்வரட்டும். திரும்பி வந்து எட்டாவது கவிதையை வாசிக்கும்போது, வழியில் எத்தனை இடத்தில் வண்டியை நிறுத்தி மேலிருந்து விழுந்த கல்லை அப்புறப்படுத்தக் காத்திருந்தார் என்பதையும், கல்லை அப்புறப்படுத்தியவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதையும் நான் கேட்பேன். கவிதையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.